பதவி போன ராஜா போட்ட கட்டம்

1831-ல் மைசூர் மகாராஜா மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு வேலை போனது. நிர்வாகம் சரியில்லை என்று காரணம் சொல்லி, ஆங்கிலேயர்கள் ஆட்சியைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். பட்டம் இருந்தது, அரண்மனை இருந்தது, மானியமும் வந்துகொண்டிருந்தது. செய்ய வேலைதான் இல்லை. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1868-ல் கண்மூடும்வரை இன்னும் முப்பத்தேழு வருஷம் பாக்கி.

மனிதர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஆட்டங்களில் இறங்கினார். கஞ்சிபா என்ற வட்டச் சீட்டாட்டத்தில் புதுப்புது வகைகளை உண்டாக்கினார்; அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 320 சீட்டு. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும் ஒரே ஒரு குதிரையை வைத்து, எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை தொடாமல் சுற்றிவரும் புதிரில் ராப்பகலாக மூழ்கினார். ஓவியர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். ஸ்ரீதத்துவநிதி என்ற பெருந்தொகுப்பு அவர் ஆதரவில்தான் உருவானது. அதில் கௌதுகநிதி என்ற பகுதி ஆட்டங்களுக்கே ஒதுக்கப்பட்டது.

மைசூரின் முதல் ரிட்டயர்டு மனிதர் என்று அவரைச் சொன்னால் அரச விசுவாசிகள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால், பிற்பாடு ‘பென்ஷனர்ஸ் பாரடைஸ்’ என்று பெயர் வாங்கிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதை கிடைக்கமாட்டார். வேலை போன பிறகு ஒரு மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பது அன்றைக்கு ராஜாவின் கேள்வி. இன்றைக்கு குவெம்பு நகரிலும் ஒண்டிக்கொப்பலிலும் வீட்டுக்கு வீடு அதே கேள்விதான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு மைசூர் என்றால் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சிசாலை, சாயங்காலம் பிருந்தாவனம். ஒரே நாளில் முடிந்துவிடும். பஸ் போகாத தெருக்களில்தான் இந்தக் கட்டுரைக்கான மைசூர் இருக்கிறது. நிழல் விழும் அகலமான சாலைகள், காம்பவுண்டுச் சுவருக்குள் தனி வீடு, வாசலில் செம்பருத்தி, உள்ளே இரண்டு வயதானவர்கள். பிள்ளைகள் பெங்களூரில். தூரம் சுமார் 145 கிலோமீட்டர். 2023-ல் எக்ஸ்பிரஸ் சாலை திறந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்கிறார்கள். வரலாம்தான், வருவது பண்டிகைக்கு.

இந்தக் காட்சி மைசூருக்கு மட்டும் சொந்தமில்லை. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் சுமார் 14.9 கோடிப் பேர். 2050-ல் இது 34.7 கோடியாகும். தனிமை என்றதும் இவர்கள் முகம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது. அதோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8,71,000. 13 முதல் 29 வயதுக்காரர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாகச் சொல்கிறார்கள், டீன் ஏஜ் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். நம் நாட்டிலேயே, நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது.

ஆக, தாத்தா ஹாலில் தனியாக இருக்கிறார். பேரன் ரூமில் தனியாக இருக்கிறான். நடுவில் ஒரு கதவு.

அந்தக் கதவைத் திறக்க மைசூரில் யாரும் ‘மனநலத் திட்டம்’ என்று போர்டு மாட்டவில்லை. கொலு வைத்தார்கள், நாடகம் போட்டார்கள், கதை சொன்னார்கள், கச்சேரி நடத்தினார்கள். பலன் பக்கவாட்டில் வந்தது. அப்படி வந்ததால்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உனக்கு மனசு சரியில்லை, வா’ என்று கூப்பிட்டால் யார் வருவார்? ‘ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது’ என்றால் வருவார்கள்.

நஜர்பாத் பிரதான சாலையில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா என்று ஓர் அமைப்பு. 2005 முதல் நவராத்திரியை ஒட்டி ‘பொம்பே மனே’ என்ற பொம்மைக் கண்காட்சியை நடத்திவருகிறது. நம் வீட்டு மரப்பாச்சி ஜோடிக்கு மைசூரில் ‘பட்டத கொம்பே’ என்று பெயர். ராஜா ராணியாக உடுத்தி கொலுவின் தலைமை இடத்தில் வைப்பார்கள். இதே அமைப்பு நடத்தும் இன்னொரு கண்காட்சி ‘கிரீடா கௌசல்யா’. அங்கே கொலு கிடையாது, முழுக்கப் பாரம்பரிய ஆட்டங்கள். பகடை, சௌக்கா பாரா, ஆடு புலி, பல்லாங்குழி. மும்மடியாரின் வாரிசுகள் யார் என்று கேட்டால் நான் அரண்மனையைக் காட்டமாட்டேன், இந்தப் பலகைகளைத்தான் காட்டுவேன்.

பல்லாங்குழியை மைசூர்க்காரர்கள் அளகுளி மனே என்கிறார்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. ஒரு குழியை அள்ளி, ஒவ்வொரு முத்தாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நம்மூரில் நாலு சேர்ந்தால் பசு. சொல்லும்போது எளிதாக இருக்கும். ஆடிப் பாருங்கள். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது சாதாரண வேலையில்லை. எழுபது வயதுப் பாட்டி குழியை எண்ணுவதே இல்லை, பார்வையாலேயே அள்ளிவிடுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புக் கணக்குப் புலி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணித் தோற்கிறது. மூட்டு வலிக்கும் விரல்கள் இரண்டு டஜன் புளியங்கொட்டையை அள்ளிப் போடும்போது அது பயிற்சி என்று யாருக்கும் தோன்றாது. எல்லாவற்றையும்விட, வீட்டில் பாட்டி ஜெயிக்கிற ஒரே இடம் அது. செல்போனில் அவர் சிஷ்யை. பலகையின் முன்னால் குரு. இந்த இடமாற்றத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடையாது.

குவெம்பு நகரில் இன்னொரு வகை. நாடக ஆசிரியர் சிந்துவள்ளி அனந்தமூர்த்தியின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் கலாசுருசி அமைப்பு, சித்ரபானு சாலையில் உள்ள சுருசி ரங்கமனேயில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சியை நடத்திவருகிறது. ‘கதை கேட்போம் வாங்க’ என்று பெயர். விசேஷமான அரங்க ஏற்பாடெல்லாம் தேவையில்லை. சொல்ல ஒருவர், கேட்கச் சில பிள்ளைகள், அவ்வளவுதான். இதன் சூட்சுமம் சனிக்கிழமையில் இருக்கிறது. ஆண்டுக்கொரு விழா என்றால் அது விழா. வாரா வாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே வாசல் என்றால் அது பழக்கம். போன வாரம் வராத பையனை ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆள் உண்டாகிவிடுகிறார். டியூஷன் மிஸ் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் பையனுக்குத் தெரியும். கதை சொல்பவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அப்படித்தான். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரியே நாளைய கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் ஒரு கவலை கிடைப்பது பெரிய விஷயம்.

ரங்காயணம் இதைவிடப் பெரிய சங்கதி. ஹுன்சூர் சாலையில் கலாமந்திர வளாகத்தில் 1989-ல் கர்நாடக அரசு தொடங்கிய நாடக நிறுவனம். முதல் இயக்குநர் பி.வி.காரந்த். சின்ன வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய் குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். நம் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து பாய்ஸ் கம்பெனிக் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தப் பையனின் உலகம் உடனே புரிந்துவிடும். வீரண்ணாவே அவரைக் காசிக்குப் படிக்க அனுப்பினார். பிற்பாடு டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநர், போபால் பாரத் பவனில் ரங்கமண்டல், கடைசியில் மைசூர். குழந்தைகளோடு நாடகம் செய்வதைக் காரந்த் பொழுதுபோக்காக நினைத்ததே இல்லை. தாகூரின் கிளிக் கதையை வைத்து அவர் செய்த ‘பஞ்சர சாலே’ கன்னடக் குழந்தை நாடகங்களில் பேர்போனது. ராஜா ஒரு கிளியைப் படிக்க வைக்க ஆசைப்படுகிறார். தங்கக் கூண்டு, பண்டிதர்கள், மலைபோல ஏடுகள். கிளியின் தொண்டையில் காகிதத்தைத் திணித்துத் திணித்து, கடைசியில் கிளி செத்துப்போகிறது. நீட் கோச்சிங் சென்டர் வாசலில் போட வேண்டிய நாடகம்.

அந்த மரபில் வந்ததுதான் ரங்காயணத்தின் கோடை முகாமான ‘சின்னர மேளா’. ஏப்ரல், மே விடுமுறையில் ஏறக்குறைய ஒரு மாதம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் இருக்கும் வனரங்கத்திலும் சுற்றுப்புறத்திலும் காலை முதல் இருப்பார்கள். முகமூடி செய்வார்கள், படம் வரைவார்கள், நாட்டுப்புறப் பாட்டு கற்பார்கள். முடிவில் குழு குழுவாக நாடகம் போடுவார்கள். மார்க் கிடையாது. முகாமில் சேர்க்கப் பெற்றோர் அலைமோதுவதைப் பார்த்தால், பள்ளி அட்மிஷனுக்கு நிற்கிற அதே ஜனம் இங்கேயும் நிற்கிறதே என்று சிரிப்பு வரும். சிரித்துவிட்டு யோசித்தால், அந்தப் பெற்றோருக்கும் பள்ளிக்கூடம் தராத ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

மைசூர், சாமராஜநகர் பக்கத்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் கலைகளில் கம்சாளே முக்கியமானது. மாதேஸ்வரன் மலைக்கு ஈரோடு, சேலம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். இடது கையில் வெண்கலக் கிண்ணம், வலது கையில் குஞ்சம் கட்டிய வட்டத் தட்டு. மகாதேஸ்வரனின் கதையைப் பாடும் குருப சமூகத்து அடியார்களின் கருவி அது. உட்கார்ந்து பாடும்போது தாளம். ‘பீசு கம்சாளே’யாக எழுந்து ஆடும்போது கிட்டத்தட்ட சிலம்பம். தட்டை வீசி, சுழற்றி, தன் கிண்ணத்திலும் பக்கத்து ஆளின் கிண்ணத்திலும் மாறி மாறித் தட்ட வேண்டும். பக்கத்து ஆள் அரை நொடி தாமதித்தால் உங்கள் தட்டு காற்றில் போகும், அல்லது அவர் முட்டியில் விழும். சும்மா பக்கத்தில் நின்றுகொண்டு தன்பாட்டுக்கு ஆடிவிட்டுப் போக முடியாத ஆட்டம் இது. வகுப்பில் பேசவே பேசாத பிள்ளைக்கு ‘எல்லாரோடும் பழகு’ என்று அறிவுரை சொல்வதைவிட ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்த கலையை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்கிறார்கள், கற்றுக்கொடுப்பவர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத பெரியவராக இருக்கலாம். மைசூர் மாதிரி படித்தவர்கள் ஊரில் அந்த வரிசைமாற்றம் லேசானதல்ல.

இதெல்லாம் நல்லதுதான், ஆனால் உண்மையிலேயே உடம்புக்கும் மனசுக்கும் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக: 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை, கலைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த 6,710 பேரைப் பதினான்கு வருஷம் தொடர்ந்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போனவர்களிடம், போகாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. ‘காசும் தெம்பும் இருக்கிறவன்தானே கச்சேரிக்குப் போவான்’ என்று நீங்கள் கேட்பது சரி. வசதி, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் கணிசமான வித்தியாசம் மிச்சம் இருந்தது. இருந்தாலும் இது கூடவே நடந்து கவனித்த ஆய்வு; காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல இது போதாது. அதற்குள் மாண்ட்ரியாலில் 2018-ல் டாக்டர்கள் அருங்காட்சியகத்துக்கே மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது ஜீன் கோஹன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு. வாஷிங்டனில் 166 முதியவர்கள், சராசரி வயது சுமார் எண்பது. ஒரு பகுதியினரைச் சேர்ந்திசைக் குழுவில் சேர்த்து, தொழில்முறை நடத்துநர் ஒருவரிடம் வாரா வாரம் ஒத்திகை பார்க்க வைத்து, மக்கள் முன் கச்சேரியும் செய்ய வைத்தார்கள். சேராதவர்களோடு ஒப்பிட்டால், பாடியவர்கள் டாக்டரிடம் போனது குறைவு, மருந்து குறைவு, கீழே விழுந்தது குறைவு. பாட்டு மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒத்திகைக்கு நேரத்துக்குப் போயாக வேண்டும், சுருதி விலகினால் திட்டு வாங்க வேண்டும், மேடையில் மானம் போகக் கூடாது. வயதானவர்களை யாரும் இப்படி வேலை வாங்குவதில்லையே!

இந்த இடத்தில்தான் மைசூர் மேல் எனக்குக் கொஞ்சம் குறை. சங்கீத விஷயத்தில் ஊர் பெருந்தன்மையானது. பிடாரம் கிருஷ்ணப்பா (1866-1931) தன் கச்சேரி வருமானத்தைக் கொட்டி எழுப்பிய பிரசன்ன சீதாராம மந்திரத்தில் இன்றும் ராமோற்சவக் கச்சேரி கேட்கலாம். அவருடைய சீடர்தான் ஏழு தந்தி வயலின் சௌடய்யா. ஒண்டிக்கொப்பல் எட்டாவது கிராஸில் 1962 முதல் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டித் தெருவில் பந்தல் போட்டு, பெரிய வித்வான்களை அழைத்து இசைவிழா நடத்துகிறார்கள். தெருவில் பந்தல் என்பதால் சபா வாசலின் தயக்கம் இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு செருப்பைப் போட்டு இறங்கினால் கச்சேரி. வழக்கமான நாற்காலி காலியாக இருந்தால் ‘ராயரைக் காணோமே’ என்று பக்கத்து நாற்காலி விசாரிக்கும். சென்னையில் மார்கழி மத்தியானக் கச்சேரிகளை உயிரோடு வைத்திருப்பதும் இந்த நாற்காலிக்காரர்கள்தான். சங்கீதத்துக்குப் பாதி, சபா கேன்டீன் அடைக்கு மீதி.

ஆனால் நாற்காலியோடு நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மேடை, பெரியவர்களுக்கு நாற்காலி என்பதை ஏதோ இயற்கை விதிபோல ஏற்றுக்கொண்டுவிட்டோம். தசராவில்கூட இளைஞர்கள் விஷயத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். யுவ தசராவில் சினிமாப் பாடகர்கள் வருவார்கள். கூட்டம் செல்போன் விளக்கை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். அதற்கு முன்னால் மானசகங்கோத்ரி திறந்தவெளி அரங்கில் நடக்கும் யுவ சம்பிரமத்தில், கல்லூரிப் பிள்ளைகளே ஒத்திகை பார்த்து, உடை தைத்து, தப்பும் தவறுமாக ஆடுகிறார்கள். தரம் என்று பார்த்தால் யுவ தசராதான். பிள்ளைகளுக்கு எது நல்லது என்று பார்த்தால் எனக்குச் சந்தேகமே இல்லை. முதியவர்களுக்கு அப்படியொரு சம்பிரமம் வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

பங்கெடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மைசூரிலேயே சாட்சி உண்டு, சற்றும் எதிர்பாராத இடத்தில். ரங்காயணக் கலைஞர் ஹுலுகப்பா கட்டிமனி, சிறைக்கைதிகளை வைத்து நாடகம் போட்டவர். ‘சங்கல்ப’ என்ற பெயரில் நடந்த இந்த முயற்சியில் ஆயுள் கைதிகள் நடித்தார்கள். எச்.எஸ்.சிவபிரகாஷ், மாக்பெத்தைக் கன்னட மண்ணுக்குக் கொண்டுவந்து எழுதிய ‘மாரநாயகன திருஷ்டாந்த’ அவர்கள் போட்ட நாடகங்களில் ஒன்று. கொலை செய்தவன் தூக்கம் கெட்டு அலையும் கதையை, கொலைக்குத் தண்டனை அனுபவிப்பவர்கள் நடிக்கிறார்கள். போலீஸ் காவலோடு வெளியூர் மேடைகளுக்கும் போய் நடித்தார்கள். வருஷக்கணக்காக எண்ணாக இருந்தவர் ஒருநாள் சாயங்காலம் படைத்தலைவனாகவோ அரசியாகவோ நிற்கிறார், வசனம் மறந்தால் இன்னொரு கைதி எடுத்துக்கொடுக்கிறார். இதைப் பண்ண முடிந்த ஊருக்கு, அறுபது வயது ரிட்டயர்டு ஆசிரியையை மேடையேற்றுவது கஷ்டமா என்ன?

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நிகழ்ச்சி ராத்திரி எட்டரைக்கு முடிந்தால், அதற்கப்புறம் பஸ் பிடித்துத் தனியாகப் போக எழுபது வயதுப் பெண்மணி தயங்குவார். அரங்கில் ஏறப் படிக்கட்டு, பிடிக்கக் கைப்பிடி இல்லை. கழிவறை தூரத்தில். காது மந்தமானவருக்கு மைக் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். இத்தனைக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது, அவர்களைக் கேட்டால் சொல்லித்தரமாட்டார்களா? பாட்டிகளுக்கு இன்னொரு தடை: தாத்தா கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார், பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி. அறுபதுக்குப் பிறகு ஆண்களுக்குத்தான் ஓய்வு, பெண்களுக்கு இடமாற்றம் மட்டுமே.

வர்க்கக் கணக்கும் உண்டு, மறைக்க வேண்டாம். கொலுவும் கச்சேரியும் சில பேட்டைகளின் சொத்தாகவே இருக்கின்றன. கட்டணம் கட்டி முகாமுக்கு அனுப்ப முடிந்தவர்களின் பிள்ளைகள் முகமூடி செய்யும்போது, மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் பிள்ளை கோடையில் கடையில் நிற்கிறது. ரங்காயணம் அரசுப் பணத்தில் நடப்பது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கு என்று அதனிடம் உரிமையோடு கேட்கலாம். ராமகிருஷ்ண நகரில் மண்டியா ரமேஷின் ‘நடனா’ போன்ற தனியார் நாடகக் குழுக்கள் கைக்காசைப் போட்டு அரங்கு நடத்துகின்றன. அவர்களிடம் அதே உரிமையோடு கேட்க முடியாது. அவர்களுக்கு முதலில் மின்கட்டணத்துக்கு வழி செய்ய வேண்டும்.

கடைசியாக, முதியோர் இல்லங்களுக்குப் போகும் கல்லூரி மாணவர்களைப் பற்றி. மைசூரிலும் சரி, நம் ஊர்களிலும் சரி, ஆண்டுக்கொரு முறை போகிறார்கள். இரண்டு பாட்டு, ஒரு பிரெட் பாக்கெட், ஒரு குரூப் போட்டோ. வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது பிரெட்டுக்குப் பதில் ஒரு சௌக்கா பாரா கட்டத்தை வரைந்து எடுத்துப் போகலாம். ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து கட்டம். சாக்பீஸ் போதும். சோழி நாலு. எல்லாம் மல்லாந்தால் நாலு, எல்லாம் குப்புற விழுந்தால் எட்டு. விதியில் சண்டை கட்டாயம் வரும். எங்கள் ஊரில் வெட்டுக்கு இப்படி இல்லை என்று ஒரு பாட்டி சொல்வார், சிக்கமகளூர்க்காரர் ஒருவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆட்டம் அன்றைக்குள் முடியாது. வார்டன் விளக்கை அணைக்க வந்துவிடுவார். காய்களைக் கலைக்காமல் வைக்க ஒரு மேஜை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.